உடுக்கு: இடையில் பிறக்கும் குரல்

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையில், உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் ஆடி மாதத்தில் தீமிதிப்போடு விழாக் காண்பதும், கிழக்கே மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்கள் வைகாசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல் பாடுவதும், நோயையும் வெம்மையையும் தெய்வத்தின் முன் வைத்து ஆற்றிக்கொள்ளும் தொன்மையான அம்மன் வழிபாட்டின் தொடர்ச்சியாகும். அம்மை நோயோடு பிணைந்த அந்த வழிபாடு, உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்த பின்னரும் நிலைத்திருக்கிறது. குளிர்த்திப் பாடலுக்குத் துணைநிற்கும் கைவாத்தியம் உடுக்கு; தமிழ்நாட்டார் அதனை உடுக்கை என்பர்.

பெரும்பாலும் பலா மரத்தைக் கடைந்து, உள்ளே குடைந்து, இரு முனையும் அகன்று நடு ஒடுங்கியதாக உடல் செய்யப்படுகிறது. வளையங்களில் ஒட்டிய மெல்லிய சவ்வுகளை இரு வாயிலும் பொருத்தி, ஒன்றையொன்று இழுக்குமாறு கயிற்றால் பிணைப்பர். இடை ஒடுங்கியிருப்பதால் கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையே வெளி விழுகிறது. இடக்கை அவ்வெளியில் கயிற்றை அழுத்தும்போது சவ்வு இறுகிச் சுருதி ஏற, தளர்த்தும்போது இறங்க, வலக்கை விரல்கள் அடிக்கும் ஒலி விம்மலும் விசும்பலுமாக மனிதக் குரலை நெருங்குகிறது. ஆதலால் இடையின் அளவில் கைவினைஞர் பிழைத்தால் எத்துணை நல்ல மரமும் பயன்படாது.

சவ்வு மெல்லியதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சுருதி இரு மடங்காக இறுக்கம் நான்கு மடங்காக வேண்டும். தடித்த தோலை ஒலிக்கச் செய்யவே பெரும் இறுக்கம் தேவைப்படுவதால், கைப்பிடியின் வலு அதனை மேலும் பெருக்கப் போதாது. எடை குறைந்த சவ்வோ சிறு அழுத்தத்துக்கும் இசைந்து கொடுக்கும். கடற்கரை ஈரத்தில் அது தளர்ந்துவிடுமாதலால், வாசிப்பதற்கு முன் தணலருகே காட்டி இறுக்குவது வழக்கம்.

வழிபாட்டில் முழங்கும் உடுக்கொலி ஆவேசத்தை, அதாவது தெய்வம் ஏறியதாகக் கொள்ளப்படும் தன்னிலை மாற்றத்தை, எவ்வாறு தூண்டுகிறது என்பது நெடிய விவாதம். சீரான முழக்கம் மூளையின் மின்னலைகளைத் தன் வேகத்துக்கு இழுக்கிறது என ஆண்ட்ரூ நீஹர் 1962இல் முன்வைத்த விளக்கத்தைப் பிரெஞ்சு இசையியலாளர் ஜில்பேர் ரூஜே 1980இல் மறுத்து, முழக்கத்துக்குத் தானாக அத்தகைய ஆற்றல் இல்லை, கேட்போரின் நம்பிக்கையும் பயிற்சியுமே அதற்குப் பொருள் தருகின்றன என்றார். ஒரே உடுக்கொலியை ஊரே கேட்டிருக்க, பாடலின் போக்கறிந்து தெய்வத்தை எதிர்நோக்கி நிற்கும் சிலரே ஆடுகின்றனர் என்பது ரூஜேயின் கருத்துக்கே வலுச் சேர்க்கிறது.