மகன் கொடுத்த இரத்தம்

அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், மகனோ தம்பியோ கையை நீட்டிக்கொண்டு முன்வரும் காட்சியைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். சொந்தக்காரர் இரத்தம்தான் நல்லது என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்த சிலருக்கு, ஒன்றிரண்டு வாரங்களில் கடுங்காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் சிவந்தது. வயிற்றுப்போக்கு, ஈரல் கேடு, பிறகு மரணம். 1955-லேயே இந்நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆயினும் 1980-களில்தான் காரணம் புலப்பட்டது. ஏற்றிய இரத்தத்தில் இருந்த வெள்ளணுக்களே குற்றவாளிகள்! உறவினரின் புது இரத்தத்தை ஏற்றுவது அங்கு அப்போது வழக்கமாக இருந்தது.

ஒரு பை இரத்தத்தில் 200 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளணுக்கள் இருக்கும். சாதாரணமாக நம் உடல் அவற்றை அந்நியர் என்று கண்டு அழித்துவிடுகிறது. எப்படிக் கண்டுகொள்கிறது? ஒவ்வொருவரின் அணுக்கள் மீதும் இரண்டு தொகுதி அடையாளங்கள் உண்டு. ஒன்று தந்தை வழி, மற்றது தாய் வழி. நோயாளியான தந்தையின் தொகுதிகளை அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு அவரிடமிருந்து ‘அ’ வந்தது. தாயிடமிருந்தும் தற்செயலாக ‘அ’வே வந்துவிட்டது. இப்போது மகனின் வெள்ளணுக்களில் புதிதாக எதுவும் இல்லை. தந்தையின் உடல் ‘நம்மவர்’ என்று விட்டுவிடுகிறது. ஆனால் அந்த வெள்ளணுக்களுக்கோ ‘ஆ’ அந்நியம். அவற்றுள் லிம்ஃபோசைட் என்ற வகை பெருகிப் பெருகி, தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையையும் அழிப்பதால்தான் இந்நோய் கண்டவர்களில் 10-க்கு 9 பேர் பிழைப்பதில்லை.

இரத்தப் பிரிவு பொருந்தியிருப்பது இதைத் தடுக்காது. ஜப்பானியரிடையே ஒரே அடையாளங்கள் பரவலாக இருப்பதால், அங்கே உறவில்லாதவர் இரத்தத்தாலும் இது நேர்ந்தது. பிற நாடுகளில் மிக அரிது. ஆனால் உறவினர் இரத்தமானால் வாய்ப்பு கூடுகிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் குடும்பங்களில், பிள்ளைக்கு இருபுறமும் ஒரே தொகுதி வருவது இன்னும் எளிது அல்லவா?

வடிகட்டி வெள்ளணுக்களில் பெரும்பகுதியை நீக்கிவிடும். காய்ச்சல் போன்ற தொல்லைகள் குறையும். ஆனால் இந்நோய்க்கு அதை மட்டும் நம்ப முடியாது. இரத்தப் பையின் மீது 25 கிரே அளவு காமாக் கதிர் அல்லது எக்ஸ் கதிர் பாய்ச்சுகிறார்கள். லிம்ஃபோசைட்டுகள் பெருகும் சக்தியை இழக்கின்றன. சிவப்பணுக்கள் தம் வேலையைச் செய்கின்றன. ஜப்பானில் 1998 முதல் இவ்வாறு இரத்தம் வழங்கப்பட்டது; 2000-க்குப் பின் அதனால் உறுதி செய்யப்பட்ட நோயாளி ஒருவரும் இல்லை.

ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு நெருங்கிய உறவினரின் இரத்தத்தையே ஏற்றப்போகிறார்கள் என்றால், “கதிர் பாய்ச்சியதா?” என்று தயங்காமல் டாக்டரிடம் கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் இரத்தம் வங்கி வழியாக முன்பின் அறியாத ஒருவருக்குப் போகட்டும். அவர் கொடுத்தது உங்கள் தந்தைக்கு வரட்டும்.