நீருக்கடியில் படமெடுக்கும் காமிரா: சிக்கன விலையில் தேர்ந்தெடுக்கும் முறை

தாணே நகரின் கிழக்கே கிடக்கும் கடற்கழியின் நீர் பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கும். ஏற்றவற்றம் நாள்தோறும் இருமுறை சதுப்புமரக் காடுகளின் சேற்றைக் கிளறிவிடுகின்றது. பூநாரைகளுக்கு இச்சேறு இரை தருகின்றது. இக்கழியும் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம் பெற்றது. ஆயினும் எத்துணை விலையுயர்ந்த காமிராவை இந்நீரில் இறக்கினாலும் பழுப்பு நிறமே பதியும். ஆறுகள் கலவாத இலட்சத்தீவுக் கடலிலோ, எளிய காமிரா ஒன்றே பவளப்பாறையையும் மீன்களையும் தெளிவாகப் பதிவு செய்துவிடும்.

விடுமுறைக்கு மால்வண், இலட்சத்தீவு, அந்தமான் போன்ற இடங்களுக்குச் செல்லும் குடும்பத்தார், நீருக்கடியில் படமெடுக்க எந்தக் காமிராவை வாங்குவது என்று வினவுவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. சில நாட்களே பயன்படப்போகும் கருவிக்கு ஒரு மாத ஊதியத்தைச் செலவிட எவரும் விரும்பார். விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நீரின் இயல்பை அறிந்துகொண்டால், வீண் செலவைத் தவிர்க்கலாம்.

நீர் செய்யும் நான்கு மாறுதல்கள்

முதலாவது அழுத்தம். கடலில் பத்து மீட்டர் ஆழம் இறங்குந்தோறும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகின்றது. கடல் மட்டத்தில் ஒன்றாக இருக்கும் அழுத்தம், பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டாகின்றது. காமிராவின் மூடியிலுள்ள மெல்லிய ரப்பர் வளையமே இதைத் தாங்கி நிற்கின்றது.

இரண்டாவது ஒளிமுறிவு. நீரின் ஒளிமுறிவு எண் ஏறத்தாழ 1.33. தட்டையான கண்ணாடியின் வழியே நோக்கும்பொழுது ஒரு மீட்டர் தொலைவிலுள்ள மீன் 75 சென்டிமீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். அளவிலும் பெரிதாகத் தெரியும். ஆகவே காமிராவின் பார்வைப் பரப்பு நீருக்குள் குறுகிவிடுகின்றது. அகன்ற கோண லென்ஸ் விரும்பத்தக்கது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது நிற இழப்பு. சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை நீர் விரைவில் உறிஞ்சிவிடுகின்றது. தெளிந்த கடலிலும் ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் சிவப்பின் பெரும்பகுதி மறையும். அதற்கப்பால் ஆரஞ்சும், பின்னர் மஞ்சளும் மங்கும். இங்கே கணக்கிட வேண்டியது ஆழம் மட்டுமன்று. ஒளி நீரில் கடந்துவரும் மொத்தத் தொலைவாகும். மூன்று மீட்டர் ஆழத்திலுள்ள பவளப்பாறையை இரண்டு மீட்டர் அப்பாலிருந்து படமெடுத்தால், ஒளி ஐந்து மீட்டர் நீரைக் கடந்தே காமிராவை அடைகின்றது.

நான்காவது கலங்கல். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்கின்றன. மழைக்கால இரவில் கசாரா மலைப்பாதையில் செல்லும் வண்டியின் முகப்பு விளக்கு, பாதையைக் காட்டாது மூடுபனியையே வெண்திரையாக்கிக் காட்டும். காமிராவின் லென்ஸுக்கு அருகிலேயே அமைந்த பிளாஷ் விளக்கும் கலங்கல் நீரில் இதையே செய்கின்றது. படம் முழுவதும் வெண்புள்ளிகள் தோன்றும்.

இவற்றுள் பின்னைய மூன்றுக்கும் பெருமளவு பரிகாரம் ஒன்றே: பொருளுக்கு மிக அருகில் செல்லுதல். ஒரு முழத்திலிருந்து நன்கு படமெடுக்கும் மலிவான காமிரா, நான்கு மீட்டர் அப்பாலிருந்து உருப்பெருக்கும் விலையுயர்ந்த காமிராவை வென்றுவிடும்.

நீரின் தெளிவை அளக்கும் எளிய வழி

இத்தாலிய வானநூலறிஞர் ஆஞ்ஜெலோ செக்கி 1865-ஆம் ஆண்டில் கடல்நீரின் தெளிவை அளக்க வெண்ணிறத் தட்டுகளைப் பயன்படுத்தினார். இன்றும் நீரியல் ஆய்வாளர் இம்முறையைக் கையாளுகின்றனர். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தகர வட்டத்திற்கு வெள்ளை வர்ணம் பூசி, அடியில் கல்லைக் கட்டி, மீட்டருக்கொரு முடிச்சிட்ட கயிற்றில் மெல்ல இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவளவு. படகிலோ படகுத்துறையிலோ ஐந்து நிமிடத்தில் இதைச் செய்துவிடலாம்.

பார்வைத் தொலைவில் மூன்றிலொரு பங்குக்குள் இருக்கும் பொருளே படத்தில் தெளிவாக விழும் என்பது நீருக்கடியில் படமெடுப்போர் கைக்கொள்ளும் விதி. தட்டு மூன்று மீட்டரில் மறைந்தால், ஒரு மீட்டருக்கு அப்பாலுள்ளதைப் படமெடுக்க முயல்வது பயன் தராது.

பருவத்தையும் கருத வேண்டும். கொங்கணக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். மழைநீர் ஆறுகளின் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். 1987-ஆம் ஆண்டில் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மால்வண் பகுதிக்கு, மழை ஓய்ந்து கடல் தெளிந்தபின் வரும் மாதங்களே ஏற்றவை. கோடை விடுமுறையை ஜூன் வரை நீட்டித்துச் செல்வோர் காமிராவைக் குறைகூறுவதில் பொருளில்லை.

நால்வகைக் கருவிகள்

பிரெஞ்சு உயிர்நூலறிஞர் லூயி பூத்தான் 1893-ஆம் ஆண்டில் நீர்புகாப் பெட்டிக்குள் காமிராவை வைத்துக் கடலடியில் படமெடுத்தார். 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கோனோஸ் காமிராவோ, பெட்டியின்றித் தானே நீரைத் தடுக்கும்படி அமைந்தது. இன்றுள்ள கருவிகளும் இவ்விரு வழிகளில் ஒன்றையே பின்பற்றுகின்றன.

கைப்பேசிக்கான பிளாஸ்டிக் உறை மிக மலிவானது. ஆனால் அது கிழிந்தால் இழப்பு உறையின் விலையன்று. கைப்பேசியும், அதிலுள்ள வங்கித் தொடர்பும், சேமித்த படங்களும் ஒருசேரப் போய்விடும். மேலும் நீருக்குள் தொடுதிரை சரிவர இயங்காது. ஒலியளவுப் பொத்தானால் படமெடுக்கும்படி முன்னரே அமைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய கைப்பேசியை உறையிலிட்டு, இடுப்பளவு நீரில் பயன்படுத்துவதே விவேகம்.

ஒருமுறைப் பயன்பாட்டு பிலிம் காமிரா சில மீட்டர் ஆழம் வரை உதவும். இழந்தாலும் பெருநஷ்டமில்லை. எனினும் படங்களின் எண்ணிக்கை குறைவு. பிலிமைக் கழுவும் செலவு தனி.

சிறிய செயற்காமிரா அகன்ற கோணமுடையது. பொருளை நெருங்கி எடுக்க ஏற்றது. மலிவான வகைகளில் காமிரா தானே நீரைத் தடுப்பதில்லை. உடன்வரும் பெட்டிக்குள் வைத்தாலன்றி அது பாழாகும். வாங்கும்பொழுது இதைக் கேட்டறிதல் அவசியம்.

நீர்புகாக் கைக்காமிரா பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து மீட்டர் ஆழம் தாங்கும். சிறு உயிர்களை மிக அருகில் எடுக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. விலை மிகுதி எனினும், மழைக்காலக் களப்பணிக்கும் உதவுமாதலால் கள ஊழியர்க்கு இது தகும். விடுமுறைக்கு மட்டும் வேண்டுவோர் வாடகைக்கு எடுத்தல் நலம்.

குறியீடுகளின் பொருள்

ஐ.பி.67 என்பதிலுள்ள 7, ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் மூழ்கித் தாங்கும் என்பதைக் குறிக்கும். 8 என்பது அதனினும் கடுமையான, தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்தையும் நேரத்தையும் குறிக்கும். இச்சோதனைகள் அசைவற்ற நன்னீரில் நடைபெறுபவை. அலையின் வீச்சும் உப்பும் அவற்றில் இல்லை. பெரும்பாலான கைப்பேசி உத்தரவாதங்கள் நீர்ச்சேதத்தை ஏற்பதில்லை என்பதும் நினைவிற்குரியது.

படப்புள்ளிகளின் எண்ணிக்கை கண்டு மயங்க வேண்டுவதில்லை. பள்ளிச் சுவரில் ஒட்டும் ஏ-4 அளவுப் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் நேர்த்தியாக அச்சிட ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் போதும்.

பயன்படுத்தும் முறை

புதிய உறையையோ பெட்டியையோ கடலுக்குக் கொண்டுசெல்லுமுன் வீட்டிலேயே சோதிக்க வேண்டும். உள்ளே காமிராவுக்குப் பதிலாக உலர்ந்த மெல்லிய தாளை வைத்து மூடி, கல்லைக் கட்டி, நீர் நிறைந்த வாளியில் அரைமணி நேரம் அமிழ்த்திவைக்கலாம். தாளில் சிறிதளவு ஈரம் காணப்பட்டாலும் அது தள்ளத்தக்கது. இச்சோதனையில் தேறியதும் கடலின் ஆழத்திற்கு உறுதியாகத் தாங்கும் என்று கொள்ளலாகாது. தேறாதது நிச்சயமாகத் தாங்காது.

ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிரோ மணற்பொடியோ ஒட்டியிருப்பினும் நீர் புகும். ஆகவே கடற்கரையில் மூடியைத் திறத்தல் கூடாது. பம்பாய்ப் பகுதியின் ஈரக்காற்றில் பெட்டியை மூடினால், குளிர்ந்த நீரில் கண்ணாடியின் உட்புறம் பனித்துவிடும். ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்தல் இதைக் குறைக்கும். கடலிலிருந்து வந்தவுடன், மூடியைத் திறவாமலே, கருவியை நன்னீரில் கால்மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இல்லையேல் உப்புப் படிகங்கள் வளையத்தை அரித்துவிடும்.

சூரியன் உயர்ந்திருக்கும் வேளையில், ஆழம் குறைந்த இடத்தில், பிளாஷை நிறுத்திப் படமெடுத்தால் நிறம் நன்கு அமையும். வெள்ளைச் சமநிலையை அமைக்கும் வசதி இருப்பின், வெண்ணிறப் பிளாஸ்டிக் தட்டை நீருக்குள் காட்டி அமைத்துக்கொள்ளலாம்.

ஒன்று வற்புறுத்திக் கூறத்தக்கது. காமிராவின் திரையை நோக்குபவர் அலையையும் தம் மூச்சையும் உடன்வந்த குழந்தையையும் மறந்துவிடுதல் இயல்பு. நீந்தத் தெரிந்த துணைவர் ஒருவர் படமெடுக்காமல் காவலிருத்தல் வேண்டும். பவளப்பாறை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தினால் காக்கப்படுவது. படத்திற்காக அதன்மீது காலூன்றுதல் தகாது. கால் நிலைகொள்ளாத இடத்தில் சற்று விலகியே மிதந்து, கிடைத்த படத்தோடு திரும்புதல் நன்று.

ஆசிரியர்கள், படமெடுத்த இடம், தேதி, செக்கித் தட்டு மறைந்த ஆழம் ஆகிய மூன்றையும் படத்தின் பின்புறம் குறித்துவைப்பாராயின், விடுமுறைப் படம் வகுப்பறைக்கு ஒரு பாடமாகும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் எடுக்கும் படத்தோடு அதை ஒப்பிடவும் இயலும்.