மாத்திரையை நிறுத்தும் முன்

கொலஸ்ட்ரால் எண் இறங்கிவிட்டால் மருந்து தேவையில்லை என்ற நினைப்பு பரவலானது. ஆபத்தானதும்கூட.

வலியில்லை, காய்ச்சலில்லை, மயக்கமில்லை. ஆனாலும் தினம் ஒரு மாத்திரை. கொலஸ்ட்ரால் மருந்தின் பெரிய சங்கடமே இதுதான். ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கியிருந்தால் பலர் மாத்திரைக்கு விடை கொடுத்துவிடுகிறார்கள். சில வாரங்களிலேயே எண் மீண்டும் ஏறிவிடுகிறது. காரணம், அதை இறக்கி வைத்திருந்ததே மாத்திரைதான்.

“முட்டைகூடச் சாப்பிடுவதில்லை, எனக்கு எப்படி?” என்பது அடுத்த கேள்வி. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலிலேயே தயாராவது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. அதனால் சைவ உணவுக்காரர்களும் தப்புவதில்லை.

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்துகள் கை வைப்பது இந்தத் தயாரிப்பில்தான். இதற்கான முக்கிய என்சைமை அவை முடக்குகின்றன. சரக்கு குறைந்ததும், ரத்தக் குழாய்களில் படியக்கூடிய எல்.டி.எல். எனும் ‘கெட்ட’ கொலஸ்ட்ராலைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து அதிகமாக இழுத்துக்கொள்கிறது.

முதல் ஸ்டாட்டின் கிடைத்தது அரிசியில் படர்ந்த பூஞ்சணத்திலிருந்து. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்து 1973ல் அதைக் கண்டறிந்தார். நாய்களிடம் நடத்திய சோதனைகள் சந்தேகம் கிளப்பவே, அவரது நிறுவனம் அதைக் கைவிட்டது. 1987ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று முதலில் விற்பனைக்கு வந்தது மெர்க் நிறுவனத்தின் லோவாஸ்டாட்டின். எண்டோ 2024ல் தனது 90வது வயதில் காலமானார்.

எண் குறைந்தால் உயிர் பிழைக்குமா? 1994ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு பதில் சொன்னது. 4,444 இதய நோயாளிகள் இரு பிரிவாகச் சுமார் ஐந்தாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 182 பேர்.

பக்கவிளைவுகள் இல்லாமல் இல்லை. சிலருக்குத் தசைவலி வரலாம். ரத்தச் சர்க்கரை சற்று ஏறலாம். மிக அரிதாகத் தசைகள் கடுமையாகச் சிதையலாம். ஆனால் பக்கவிளைவு என்று மருந்தை நிறுத்தியவர்களிடம் 2020ல் பிரிட்டனில் நடத்திய சோதனை ஒன்றில், அவர்கள் சொன்ன தொந்தரவுகளில் பெரும்பாலானவை வெற்று மாத்திரையிலும் தலைகாட்டின.

லேப் சீட்டில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ எல்லோருக்கும் பொருந்தாது. இந்திய இதயவியல் சங்கத்தின் 2024ம் ஆண்டு நெறிமுறைப்படி, பொதுவாக எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55க்கும் கீழ்.

உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, புகையை விடுவது எல்லாம் அவசியமே. ஆனால் அவை மட்டும் போதுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். தசைவலி தாங்கவில்லையா, கர்ப்பம் தரிக்கத் திட்டமா, டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மாற்று மருந்து தரலாம், நிறுத்தவும் செய்யலாம். அந்த முடிவை நீங்களாக எடுக்காதீர்கள்.