உங்களுக்குத் தெரியுமா? வெள்ளணுக்களின் கணக்கு

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை சஞ்சரிக்கும் வெள்ளணுக்களின் மொத்தத் தொகையை மாத்திரம் நோக்கி நிம்மதி கொள்ளாமல், அவற்றுள் நியூட்ரோபில் எனப்படுபவை எத்தனை என்று கணக்கிடுவதே தேர்ந்த செவிலியரின் வழக்கம். மொத்தம் 2,000, அதில் நியூட்ரோபில் நூற்றுக்கு 20 எனில், வருவது வெறும் 400. 500க்குக் கீழே போவது பேரபாயம். புற்றுநோய் மருந்துகளால் இந்நிலையை அடைந்தவரின் தேகத்தில், சீழாக உருக்கொள்வதற்கே அணுக்கள் போதாமையால், கிருமிகள் பிரவேசித்த இடத்திலும் சீழோ வீக்கமோ பிரத்தியட்சமாகத் தோன்றாது போகலாம்; 38 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிலைக்கும் ஜுரமே பல சமயம் ஒரே சாட்சி. ஆகையால், அதைக் கண்டதும் பொழுது விடியட்டும் என்றிராமல் அக்கணமே மருத்துவருக்குத் தெரிவிப்பர். மெல்லிய சவ்வு கீறுண்டு கிருமிகளுக்கு வழிவிடக்கூடுமாதலால், ஆசனவாயில் வெப்பமானி வைப்பதையும் அறவே தவிர்ப்பர்.