எழுதாததை வாசிப்பது எப்படி? – ஆங்கில வினாத்தாளில் எங்கள் பிள்ளைகள் தடுமாறும் இடம்

2019ஆம் ஆண்டு. டிசம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. அதற்கு முந்திய சில மாதங்கள் கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில், பொதுநோக்கு மண்டபத்தில், பின்னேர வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாசிப்புப் பயிற்சிக்காக நானே ஒரு சிறிய ஆங்கிலப் பந்தி எழுதிக் கொடுத்தேன். அதன் கருத்து இதுதான்:

ரவி பின்னேரம் ஆறு மணிக்குப் படலையடியில் வந்து நின்றான். அம்மா சோற்றைக் கோப்பையில் போட்டு, மூடி, மேசையில் வைத்தாள். கடைசி பஸ் நிற்காமல் போனது. அம்மா மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பாவுக்கு இண்டைக்கும் மேலதிக வேலை குடுத்திட்டாங்கள் போல" என்றாள்.

ரவியின் அப்பாவைப் பற்றி இதிலிருந்து என்ன அறியலாம் என்பது கேள்வி. அவர் வேலை செய்பவர், வீட்டுக்குப் பிந்தி வருவது அவருக்கு வழமை என்பது நான் எதிர்பார்த்த விடை.

முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, அப்பா காணாமல் போய்விட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் பிழை போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன். அதில் அப்பா செத்துப்போனார் என்று இருந்தது. மூன்றாவது கொப்பியில் திரும்பவும் காணாமல் போனவர். பேனையை மூடி வைத்துவிட்டேன். யுத்தம் முடிந்தபோது இந்தப் பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயது. அவர்களுக்குத் தெரிந்த படலையில் காத்திருக்கிறவர்களுக்கு ஆள் வந்து சேர்வதில்லை.

அன்று நான் போட்ட பிழை சரியா என்று நீண்ட நாள் யோசித்தேன். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

மூன்று வகைக் கேள்விகள்

ஆங்கிலக் கிரகித்தல் கேள்விகளை நான் மூன்றாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பேன். முதலாவது வகைக்கு விடை வரியிலேயே இருக்கும். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, அவருடைய பெயர் என்ன என்ற மாதிரியான கேள்விகள். இவற்றை எங்கள் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அந்த வசனத்தை அப்படியே பார்த்து எழுதினாலே புள்ளி கிடைக்கும்.

இரண்டாவது வகையில் விடை எழுதப்பட்டிருக்காது. ஆனால் எழுதப்பட்டதிலிருந்து அது வந்தே தீரும். கேள்வியில் இன்ஃபர், இம்ப்ளை, சஜெஸ்ட் என்ற சொற்களில் ஒன்று வந்தால், அல்லது 'ஹவ் டு யூ நோ' என்று கேட்டிருந்தால் இந்த வகை என்று பிடித்துக்கொள்ளலாம். தமிழில் இதை உய்த்தறிதல் என்கிறோம். எங்களுக்கு இது புதிதும் இல்லை. தொல்காப்பியம் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் உய்த்துக்கொண்டு உணர்தலும் ஒன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் ஒவ்வொரு அம்மாவும் தினமும் செய்கிற வேலைதான்.

மூன்றாவது வகை பிள்ளையின் சொந்தக் கருத்தைக் கேட்பது. நீ என்ன நினைக்கிறாய், நீ என்ன செய்வாய் என்று வரும். அங்கே பிள்ளை தன் வாழ்க்கையைக் கொண்டுவரலாம்.

இரண்டாவது வகைக் கேள்விக்கு மூன்றாவது வகை விடையை எழுதுவதுதான் எங்கள் பிள்ளைகளின் பிரச்சினை. பந்தி சொல்லாத இடத்தைத் தங்கள் வாழ்க்கையால் நிரப்பிவிடுகிறார்கள்.

அரைவாசியில் நின்ற வாசிப்பு

அடுத்த வகுப்பில் அந்தப் பிள்ளையிடம், "எந்தச் சொல்லைப் பார்த்து அப்பிடி எழுதினனி, பிள்ளை?" என்று கேட்டேன். அவள் தயங்காமல் மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினாள். படலையில் நின்றது, சோறு மூடி வைத்தது, பஸ் நிற்காமல் போனது. மூன்றும் நல்ல ஆதாரங்கள். பந்தி அந்த மூன்றாவது வசனத்தோடு முடிந்திருந்தால், அப்பாவுக்கு ஏதோ நடந்திருக்கலாம் என்ற விடையை ஒருவரும் தள்ளிவிட முடியாது.

"சரி, இந்தச் சிரிப்பை என்ன செய்யப் போறாய்?" என்றேன். பேசாமல் இருந்தாள். "இண்டைக்கும் எண்டதில வாற 'உம்' என்ன சொல்லுது?" ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அகெய்ன் என்ற சொல் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முந்தியும் இப்பிடிப் பிந்தி வந்திருக்கிறார், சேர்" என்றாள். பிறகு கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, தன் விடையைத் தானே வெட்டினாள்.

பிழை என்று சொல்வதற்கும், நீ அரைவாசிதான் வாசித்திருக்கிறாய், மிச்சத்தையும் வாசி என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் எனக்கு விளங்கியது. முதலாவதைச் சொன்னால் பிள்ளை தன் வாழ்க்கையே பிழை என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவதைச் சொன்னால் திரும்பவும் பந்திக்குப் போகும்.

வீட்டில் பழகும் முறை

இதற்கு ரியூற்றரி தேவையில்லை. கடந்தகால வினாத்தாள் ஒன்று, ஒரு பென்சில், தினமும் கால் மணித்தியாலம் போதும்.

முதலில் கேள்வியை வாசிக்க வேண்டும். யாரைப் பற்றி, எதைப் பற்றிக் கேட்கிறது என்று பார்த்த பிறகே பந்திக்குப் போக வேண்டும்.

பந்தியைக் கடைசி வசனம் வரைக்கும் வாசித்து, விடைக்கு உதவும் சொற்களின் கீழ் கோடு போட வேண்டும். ஒரு கோடு போதாது, இரண்டாவது தேவை. அதன் பிறகு, என் விடைக்கு எதிராக ஏதாவது சொல் இருக்கிறதா என்று ஒருமுறை தேட வேண்டும். எங்கள் வகுப்பில் அந்தச் சிரிப்பைத் தவறவிட்டது இந்தத் தேடல் இல்லாததால்தான்.

விடையை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கலாம், அதில் வெட்கமில்லை. 'ஏனென்றால்' என்று அந்த வசனத்தை நீட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நீட்ட முடிந்தால் பிக்கோஸ் போட்டு ஆங்கிலத்தில் எழுதலாம். முடியாவிட்டால் அது ஊகம் மட்டுமே.

விடை தெரிவு செய்யும் கேள்விகளில் ஓல்வேய்ஸ், நெவர், ஒன்லி என்ற சொற்கள் வந்தால் நின்று யோசிக்க வேண்டும். ஒருவர் ஒருநாள் பிந்தி வந்தார் என்பதிலிருந்து அவர் எப்போதும் பிந்துபவர் என்று வராது. அதேபோல, ஆதாரம் எவ்வளவு பலமோ அவ்வளவு பலமான சொல்லைத்தான் விடையில் போட வேண்டும். உறுதியாகத் தெரிந்தால் மஸ்ட், இருக்கக்கூடும் என்றால் மே அல்லது மைட்.

இந்த அளவை விளக்க நான் எடுக்கும் உதாரணம் முகமாலைப் பக்கம் பிள்ளைகள் பார்த்திருக்கும் சிவப்புப் பலகை. மண்டையோடு கீறி, மிதிவெடி என்று எழுதிய பலகை. அது நிற்கிற இடத்தில் கால் வைக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் பலகை இல்லாத காணி பாதுகாப்பானதா? இல்லை. பலகை இல்லை என்பதிலிருந்து வெடி இல்லை என்று வராது. யாரும் இன்னும் வந்து பார்க்காத காணியாகவும் அது இருக்கலாம். ஒரு விடயம் எழுதப்படவில்லை என்பதால் அது இல்லை என்றாகிவிடாது. இதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

புள்ளிக்காக மட்டும் இல்லை

தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி இல்லாவிட்டால் வழமையான உயர்தரப் பிரிவுகளுக்குப் போக முடியாது. ஆங்கிலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கடைசி மாதங்களில் முதலில் கைவிடப்படும் பாடம் ஆங்கிலம்தான். ஆனால் எங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குள் போகும் பிள்ளைக்கு விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில். சாதாரண தரத்தில் தள்ளி வைத்தது அங்கே வந்து முன்னால் நிற்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அந்தப் பிள்ளையின் தாய் ஒரு கடிதத்துடன் மண்டபத்துக்கு வந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் பிரிந்த கணவரைப் பற்றி அவர் பல இடங்களில் முறைப்பாடு கொடுத்திருந்தார். அதில் ஒரு இடத்திலிருந்து வந்த பதில் அது. வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. அதை உறுதிப்படுத்திய அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் 1988இல் வந்தது. கடிதம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது.

"வாசிச்சுச் சொல்லுங்கோ சேர். ஆள் இருக்கிறார் எண்டு போட்டிருக்கோ?"

நான் கையை நீட்டுவதற்குள் மகள் வாங்கிவிட்டாள். இரண்டு வசனங்கள். முறைப்பாடு கிடைத்தது, விசாரணையில் உள்ளது. மேலும் விபரம் தேவைப்பட்டால் தொடர்பு கொள்வோம். பென்சிலை எடுத்து, வகுப்பில் செய்வதைப் போலவே கோடு போட்டாள்.

"இருக்கிறார் எண்டு எழுதேல்லை அம்மா. இல்லை எண்டும் எழுதேல்லை. உங்கட கடிதம் கிடைச்சது எண்டதுதான் இதில இருக்கு. எப்ப முடியும் எண்டு திகதி ஒண்டும் போடேல்லை. அதைக் கேட்டு நாங்கள் திருப்பி எழுதலாம்."

தாய் கடிதத்தைத் திரும்ப வாங்கி, பொலித்தீன் பைக்குள் மற்றக் கடிதங்களோடு வைத்தார். "தமிழில அனுப்பச் சொல்லியும் அதில எழுது" என்றார்.

அன்றிரவே அவள் ஒரு பதிலை எழுதி வந்து காட்டினாள். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஆங்கிலத்தில் இரண்டு இடங்களில் இலக்கணப் பிழை இருந்தது. அவற்றைத் திருத்திக் கொடுத்தேன். கடிதம் கேட்ட கேள்விகளில் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை.