கூத்துக்களமும் நேரலையும்

திரௌபதி அம்மன் உற்சவத்தில் பாரதக் கூத்து விடிய விடிய நிகழ, பதினெட்டாம் போரின் நாசத்தைக் கண்டு ஜனங்கள் கண்ணீர் உகுக்கும் மரபு வாய்ந்த இத்தொண்டைமண்டலத்தில், யுத்தத்தைக் கலை கண்டிப்பது புதிதன்று. புதியது அதன் வாகனமே.

2025 செப்டம்பர் 17 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில், இசைக்கலைஞர் பிரையன் ஈனோ முன்னின்று கூட்டிய கலைஞர்கள் காஸா மக்களுக்கு நிதி திரட்டவும், அவர்கள்மீது அப்போது நிகழ்ந்த யுத்தத்தைக் கண்டிக்கவும் நடத்திய கச்சேரி, யூடியூப் நேரலை வழியாகக் கடல்கடந்த இல்லங்களிலும் அக்கணமே ஒலித்தது. பதிவுசெய்த பாட்டினும் இதற்கு வலிமை அதிகம் என்றே கருதுகிறோம். பாடுவோர் குரல் தழுதழுக்கும்போது கேட்போரும் உடனிருக்கின்றனர் அல்லவா!

இரண்டு நாள் கழித்து, சென்னையில் நடிகர்கள் சத்யராஜ், பிரகாஷ்ராஜ், இயக்குநர் வெற்றிமாறன் ஆகியோர் அதே யுத்தத்துக்கு எதிரான போராட்டத்தில் பங்கேற்றனர்.