இலைக்கு என்ன விலை? – 11: இருபத்தாறாவது கிலோ

ஓட்டல் சாப்பாட்டின் விலையைப் பிரித்துப் பார்க்கும் இந்தத் தொடரில் உளுந்தும் பாலும் முடிந்தன. மியான்மரிலிருந்து வரும் உளுந்து, 2022 நவம்பரில் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய்க்குத் தாவிய ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதையொட்டி மாறிய டீக்கடை விலைப்பலகைகள் எல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் செயலி வழியாக வீட்டுக்கு வரும் பார்சலின் விலையைப் பிரித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். குறிப்புகளெல்லாம் தயார். ஆனால் அரிசி மண்டி ஒன்றில் கண்ணில் பட்ட ஒரு சிப்பம் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது.

சிப்பத்தின் மேல் 26 கிலோ என்று அச்சிட்டிருந்தது. 25 கிலோ சிப்பம் தெரியும், 75 கிலோ மூட்டை தெரியும், இது என்ன 26? மண்டிக்காரர் ஒரே வரியில் சொன்னார்: “ஒரு கிலோ கூடப் போட்டா வரி கிடையாது சார்.”

விஷயம் இதுதான். முன்பு பதிவு செய்த பிராண்ட் பெயரில் விற்கும் அரிசிக்குத்தான் ஜிஎஸ்டி. 2022 ஜூலை 18 முதல் அந்த விதி மாறியது. பிராண்ட் இருக்கிறதோ இல்லையோ, பையில் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, கோதுமை மாவு எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் வந்தது. ஆனால் அது 25 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் எடையுள்ள பொதி, சில்லறைக்கான பொட்டலம் என்ற கணக்கில் வராது. ஆலைக்காரர்கள் அறிவிப்பைப் படித்தார்கள், ஒரு கிலோவைக் கூட்டினார்கள். சட்டத்தை யாரும் மீறவில்லை. 1,500 ரூபாய் சிப்பம் என்று வைத்துக்கொண்டால் 75 ரூபாய் மிச்சம். தினம் நாலைந்து சிப்பம் பொங்கிப் போடும் மெஸ்ஸுக்கு இது பெரிய காசு. அந்த 26ஆவது கிலோ இல்லாதிருந்தால் நம் ஊர் அளவுச் சாப்பாட்டின் விலை இன்னும் சற்று முன்னதாகவே ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மெஸ்ஸின் சமையலறையில் அரிசிக்கு இருக்கும் வழி மற்ற பொருள்களுக்கு இல்லை. அரிசியைப் பொங்க அடுப்பு வேண்டும். அடுப்புக்குக் கமர்ஷியல் சிலிண்டர் வேண்டும். அது 19 கிலோ. அதில் ஒரு கிலோவைக் கூட்டியோ குறைத்தோ யாரும் தப்ப முடியாது.

வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், கடை சிலிண்டருக்கு 18. வீட்டு சிலிண்டர் விலையை ஏற்றுவதற்கு அரசு பலமுறை யோசிக்கும். தேர்தல் வந்தால் குறைக்கவும் செய்யும். கடை சிலிண்டரின் விலையோ மாதம் பிறந்தால் மாறும். நாம் எரிக்கும் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. சவூதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் புரொப்பேன், பியூட்டேன் விலையும், டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பும் சேர்ந்து மயிலாப்பூர் மெஸ்ஸின் அடுப்பு வரை வருகின்றன. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2022 மே மாதம், சென்னையில் இந்த சிலிண்டர் 2,500 ரூபாயைத் தாண்டியது. பின்னர் இறங்கியது, மறுபடி ஏறியது. ஆனால் அந்த உச்சத்தில் ஏறிய தோசை விலை, சிலிண்டர் இறங்கியபோது இறங்கவில்லை. வாசகர்கள் பலர் கோபமாக எழுதிக் கேட்பது இதைத்தான். கோபம் நியாயமானது. பதிலில் பாதி, பில்லின் அடியில் அச்சாகும் அந்த 5 சதவீதத்துக்குள் இருக்கிறது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஓட்டலுக்கு 18, ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம். சாப்பிட்டவர்கள் பில்லைப் பார்த்துத் திகைத்தார்கள். நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய கவுன்சில், 15ஆம் தேதி முதல் இரண்டையும் 5 ஆக்கியது. பெரிய நட்சத்திர ஓட்டல்கள் மட்டும் விதிவிலக்கு. மக்களுக்கு மகிழ்ச்சி. அதே கையெழுத்தில் இன்னொன்றும் நடந்தது, அதை அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. உள்ளீட்டு வரி வரவை எடுத்துவிட்டார்கள்.

அதாவது, ஒரு வியாபாரி பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். துணிக்கடைக்காரருக்கு அந்த வசதி உண்டு, சிமென்ட் கடைக்காரருக்கும் உண்டு. 5 சதவீத ஓட்டலுக்குக் கிடையாது. கழிவின் பலனை ஓட்டல்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவில்லை என்பது அரசு சொன்ன காரணம். அப்படிக் கொடுக்காத ஓட்டல்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தண்டனையாகக் கழிவையே எடுத்தபோது, அந்தச் சுமை நேராக மெனு அட்டைக்குள் போனது. வரி இறங்கிய அதே வாரத்தில் பல இடங்களில் பண்டத்தின் விலை ஏறியது அப்படித்தான்.

கணக்கைப் பாருங்கள். சிலிண்டர் 1,900 ரூபாய் என்றால் அதில் ஏறத்தாழ 290 ரூபாய் வரி. அது திரும்பாது. கடை வாடகை லட்ச ரூபாய் என்றால் மேலே 18,000 வரி. அதுவும் திரும்பாது. வீட்டுக்காரர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவராக இருந்தால் முன்பு இந்த 18 சதவீதம் கிடையாது. 2024 அக்டோபர் 10 முதல், அப்படிப்பட்ட இடங்களுக்கும் வாடகைக்கு இருக்கும் ஓட்டல்காரரே வரியைக் கட்ட வேண்டும் என்றாகிவிட்டது. கிரைண்டர், ஃப்ரிட்ஜ், மேசை நாற்காலி, கணக்காளரின் கட்டணம் என எல்லாவற்றிலும் கட்டிய வரி தோசைக்கல்லில்தான் வந்து சேர்கிறது. நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டு 105 கொடுக்கும்போது, ஐந்து ரூபாய்தான் வரி என்று நினைக்கிறோம். அந்த நூறுக்குள்ளேயும் வரி இருக்கிறது, அதைச் சொல்லும் வரி எந்தப் பில்லிலும் கிடையாது.

இந்த இடத்தில் கோவை பன்னை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2024 செப்டம்பரில் ஒன்றிய நிதியமைச்சர் முன்னிலையில் ஓர் ஓட்டல் உரிமையாளர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் கிரீமைத் தனியாகக் கேட்கிறார் என்றார். அரங்கம் சிரித்தது. பிறகு அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்ட காட்சியை நாடே பார்த்தது. ஒரு தொழில்காரர் தன் கல்லாவில் தினமும் படும் சிரமத்தைச் சொன்னதற்கு அப்படி ஒரு முடிவு வந்திருக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி வகைகள் 18இலிருந்து 5க்கு வந்தன. நெய், வெண்ணெய் 12இலிருந்து 5 ஆயின. நல்லது. ஆனால் கடை சிலிண்டர் 18லேயே நிற்கிறது, வாடகையும் அப்படியே.

விலையை அரசே நிர்ணயித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு பெங்களூரு எம்டிஆர் ஓட்டலின் கதை. நெருக்கடிநிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. தரத்தைக் குறைக்காமல் அந்த விலைக்குப் போட முடியாத நிலையில், மாவு வகைகளையும் மசாலாக்களையும் பொட்டலமாகக் கட்டி விற்கும் தொழிலுக்கு அவர்கள் திரும்பினார்கள். இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ரவா இட்லி மிக்ஸ் அந்த நெருக்கடியிலிருந்து பிறந்த வியாபாரத்தின் வாரிசு. அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லி வேறு கதை, அங்கே மீதிப் பணத்தை மாநகராட்சி போடுகிறது.

சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் சிறு ஓட்டல்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கலாம். அவர்கள் விற்பனையில் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், உங்களிடம் வாங்கக் கூடாது. பில்லிலும் கடையின் முகப்பிலும் அதை எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டு ஜிஎஸ்டியும் போட்டிருந்தால் கேளுங்கள். சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தாலும் கேளுங்கள். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற 2022 வழிகாட்டுதலை, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்துவிட்டது.

ஓட்டல் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்பது உள்ளீட்டு வரி வரவைத் திருப்பித் தரும்படிதான். அதைக் கொடுத்துவிட்டு, பலன் இலைக்கு வருகிறதா என்று கண்காணிப்பதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. அதுவும் முடியாதென்றால் கடை சிலிண்டரையாவது 5 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம். கையேந்தி பவன் நடத்துகிறவரும் அதே சிலிண்டரைத்தான் வாங்குகிறார், அவரிடம் சாப்பிடுகிறவர் கட்டடத் தொழிலாளி.

பார்சல் கணக்கு அடுத்த வாரம். 2025 ஜூலை முதல் நாமக்கல் ஓட்டல்காரர்கள் ஸ்விக்கி, ஸொமாட்டோவுக்கு உணவு தருவதில்லை என்று முடிவெடுத்தார்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பார்சலின் பில்லையும், அதே ஓட்டலின் மெனு விலையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)